நாஞ்சில் பச்சடியும் கலோரிக் கணக்கும்

நூறு கிராம் வெள்ளரிக்காயில் இருப்பது சுமார் 15 கலோரி. தக்காளியில் 20க்குள், முட்டைக்கோஸில் 25, கேரட்டில் 40 அளவில். (பேச்சு வழக்கில் கலோரி என்று சொல்லப்படுவது கிலோ கலோரிதான், இங்கும் அப்படியே.) அதே நூறு கிராம் தேங்காய்த் துருவலில் 350 முதல் 400 வரை இருக்கிறது. முந்திரிப் பருப்பில் 550, தேங்காய் எண்ணெயில் 900ஐ ஒட்டி. எடையைக் குறைக்கவென்று சாலட்டுக்கு மாறியும் எடை இறங்காமல் தவிப்பவர்களுக்கு, விடை பெரும்பாலும் இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே கிடக்கிறது. காய்கறி யாரையும் பருமனாக்குவதில்லை. அதன்மேல் தூவுவதும் ஊற்றுவதும்தான் கணக்கைப் புரட்டிப் போடுகின்றன.

குமரி மாவட்டத்தில், அதிலும் மலையடிவாரமான பேச்சிப்பாறை வட்டாரத்தில், இது வேறெந்த இடத்தையும்விடத் தெளிவாகத் தெரியும். கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர்தான் கால்வாய்கள் வழியே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் தோப்புகளுக்கும் போகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் பூமி. ரப்பர் தோட்டங்களுக்கு இடையே அன்னாசி, சரிவுகளில் நல்லமிளகும் கிராம்பும், வீட்டைச் சுற்றி வாழையும் முருங்கையும் பப்பாளியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை இங்கே நடத்துகிறது. ‘பேச்சிப்பாறை 1’ என்ற பலா ரகம் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியே வெளிவந்தது. காயும் கனியும் கீரையும் ஆண்டு முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தேங்காயும் அதே தூரத்தில்தான் இருக்கிறது.

சாலட் என்றதும் லெட்யூஸ் இலையும் ஆலிவ் எண்ணெயும் நினைவுக்கு வருவது விளம்பரங்களின் வேலை. எடை குறைப்புக்கு அவை எந்த வகையிலும் அவசியம் இல்லை. தமிழ்நாட்டில் பயத்தம்பருப்பைப் பச்சையாக ஊறவைத்து வெள்ளரியும் எலுமிச்சையும் சேர்க்கும் கோசுமல்லி இருக்கிறது. ராமநவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் அதைக் கொடுப்பார்கள். நாஞ்சில் நாட்டு இலையில் தயிரில் கலந்த கிச்சடியும் பச்சடியும் உண்டு. இங்கே கிச்சடி என்றால் ரவையில் செய்யும் சிற்றுண்டி என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்து, அரைபட்டு முடியும் நேரத்தில் கொஞ்சம் கடுகைப் போட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றி, எல்லாவற்றையும் தயிரில் கலக்கி, தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டுவது. கல்யாண வீட்டு இலையில் இது தொட்டுக்கொள்ள ஒரு கரண்டிதான் விழும். வீட்டில் அதையே ஒரு கிண்ணம் சாப்பிட்டால் முழுமையான சாலட். எடை குறைப்புக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேண்டியதில்லை.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். நாலு பேருக்கான கிச்சடிக்கு ஒரு மூடித் தேங்காய் அரைத்தால், அந்த மூடியின் பருப்பில் மட்டும் 600 கலோரிக்கு மேல் இருக்கும். தலைக்கு 150. அதே வேளையில் இலையில் துவரன், அவியல், தேங்காய் அரைத்த மீன்குழம்பு என்று மற்றவையும் இருக்கும். ஒவ்வொன்றிலும் அதே தேங்காய். வெள்ளரியோ ஆளுக்கு நூறு கிராம், பதினைந்து கலோரி. கிச்சடியைப் ‘பச்சைக்காய்ப் பதார்த்தம்’ என்று நினைத்து நிறையப் போட்டுக்கொள்கிறவர் உண்மையில் நிறையப் போட்டுக்கொள்வது தேங்காயைத்தான்.

இதன் பின்னால் உள்ள அறிவியலுக்கு ஆற்றல் அடர்த்தி என்று பெயர். ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி என்பதே அது. வயிறு நிறைந்தது என்ற உணர்வை உண்டாக்குவதில் உணவின் பருமனுக்கும் எடைக்கும் பெரிய பங்கு உண்டு. தண்ணீரும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்பிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சாலட்டை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் 42 பெண்கள் பங்கேற்றனர். மதிய உணவாகப் பாஸ்தா. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். அதற்கு முன் ஒரு சாலட்டை முழுவதும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாலட்டின் அளவையும் அடர்த்தியையும் வெவ்வேறு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். 300 கிராம் எடையும் நூறு கலோரியும் கொண்ட சாலட்டைச் சாப்பிட்ட நாளில், சாலட் இல்லாத நாளைவிட மொத்த உணவின் கலோரி 12 விழுக்காடு குறைந்தது. சாலட்டின் கலோரியையும் சேர்த்த கணக்கு இது. அதே 300 கிராம் சாலட்டில் சீஸும் கொழுப்பு மிகுந்த டிரெஸ்ஸிங்கும் சேர்த்து 400 கலோரியாக்கிக் கொடுத்த நாளில் மொத்தம் 17 விழுக்காடு கூடிவிட்டது. கிண்ணத்தின் எடை ஒன்றுதான், விளைவு நேர்மாறு.

அது பாஸ்தா சாப்பிடும் அமெரிக்கப் பெண்களிடம் ஒரு வேளை உணவில் நடந்த சோதனை. சோறும் குழம்பும் சாப்பிடுகிறவர்களுக்கு அதே 12 விழுக்காடு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் வயிறு செயல்படும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அந்த முடிவின் திசையை நம்பலாம்.

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளரி 150 கிராம், தக்காளி 50, துருவிய கேரட் 50, வெங்காயம் 25. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 65 கலோரி. இதில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைக் குவித்துப் போட்டால், அதாவது இருபது கிராம், 75 கலோரி. தாளிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. வறுத்த முந்திரிப் பருப்பு பத்து, 80க்கு மேல். ‘உடம்புக்கு நல்லது’ என்று ஒரு மேசைக்கரண்டி தேன், 60. மொத்தம் 400ஐத் தொட்டுவிடும். இரண்டு கோப்பைச் சோறு அது. சாப்பிட்டவருக்கோ ‘இன்றைக்குச் சாலட் மட்டும்தான்’ என்ற நிம்மதி.

இதே காயில் தேங்காயை ஒரு தேக்கரண்டியாக்கினால் 20 கலோரி. எண்ணெயையும் ஒரு தேக்கரண்டியாக்கினால் 40. முந்திரியையும் தேனையும் எடுத்துவிட்டு, வேகவைத்த பாசிப்பயறு அரைக் கோப்பையும் இரண்டு மூன்று கரண்டித் தயிரும் சேர்த்தால் இன்னும் 110. மொத்தம் 235 கலோரி. முந்தையதைவிடக் கனமான கிண்ணம், புரதமும் கூடுதல், கலோரி ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். எலுமிச்சைச் சாறும் நல்லமிளகுத் தூளும் எவ்வளவு போட்டாலும் இந்தக் கணக்கு அசையாது.

எண்ணெயைக் கரண்டியால் அளந்துதான் ஊற்ற வேண்டும். குப்பியிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுகிற கை ஒருபோதும் ஒரு தேக்கரண்டியில் நிற்பதில்லை. சமையலில் கலோரியைக் குறைக்க இதைவிட மலிவான உபாயம் கிடையாது.

அப்படியானால் தேங்காயையும் எண்ணெயையும் அடியோடு விட்டுவிடலாமா என்றால், அதுவும் சரியல்ல. கேரட்டிலும் தக்காளியிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் அவற்றில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், கொழுப்பில்லா டிரெஸ்ஸிங்குடன் சாலட் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறக்குறையத் தென்படவே இல்லை. முழுக் கொழுப்புள்ள டிரெஸ்ஸிங்குடன் சாப்பிட்டபோது நன்றாக ஏறியது. எண்ணெயே படாத சாலட்டை உயர்வாகப் பேசுவது அதனால் பொருளற்றது. ஆனால் நாஞ்சில் சாப்பாட்டில் சாலட் தனியாக வருவதில்லை. கூடவே வரும் குழம்பிலும் துவரனிலும் கொழுப்பு இருக்கிறது. சாலட்டில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ அதற்கு ஈடான தேங்காயோ இருந்தால் தாராளம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளலாம்.

தேங்காயைக் குறைத்தால் ருசி போய்விடும் என்பது நாஞ்சில் நாட்டுச் சமையலறையின் முதல் முறையீடு. நியாயமானதுதான். தேங்காய் கொடுப்பது கொழுப்பின் வழவழப்பையும் மெல்லிய இனிப்பையும். அவை குறையும் இடத்தைப் புளிப்பும் காரமும் மணமும் நிரப்ப வேண்டும். கிச்சடியில் கடுகைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று மட்டும் அரைப்பதன் காரணம் இங்கே உதவுகிறது. முழுக் கடுகில் காரம் இல்லை. கடுகு நொறுங்கித் தண்ணீர் படும்போது அதிலுள்ள ஒரு நொதி விழித்துக்கொண்டு மூக்கில் ஏறும் அந்த நெடியை உண்டாக்குகிறது. நன்றாக மையாக அரைத்தால் கசப்புத் தட்டும். ஒரு சுற்றில் நிறுத்தினால் நெடி மட்டும் வரும். கால் தேக்கரண்டிக் கடுகில் கலோரி சில மட்டுமே. தேங்காயைக் கால் பங்காக்கிய கிச்சடியையும் இந்தக் கடுகு தூக்கி நிறுத்திவிடும்.

இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, மாங்காய், எலுமிச்சை, புளித்த மோர் ஆகியவற்றைத் தயங்காமல் சேர்க்கலாம். துருவிய மாங்காயைக் காயோடு கலந்தால் எலுமிச்சைகூடத் தேவைப்படாது. எலுமிச்சையால் இன்னொரு லாபம்: பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. தயிர் கொஞ்சம் கெட்டியாக வேண்டுமென்றால் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் போதும். நீர் வடிந்த அந்தத் தயிரில் பூண்டும் நல்லமிளகும் உப்பும் சேர்த்தால் மயோனைஸ் வேண்டிய இடத்திலெல்லாம் அதை வைக்கலாம்.

மயோனைஸ் என்பது பெரும்பாலும் எண்ணெய்தான். முட்டை அதைக் கூழாகப் பிடித்து நிறுத்துகிறது. நூறு கிராமில் 680 கலோரியை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். ஒரு மேசைக்கரண்டிக்கு 90, 100. பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் நோய்க் கிருமி பரவும் அபாயம் இருப்பதால் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதை ஓராண்டுக்குத் தடை செய்தது. கேரளம் 2023இலேயே தடுத்துவிட்டது. முட்டை சேராத மயோனைஸ் கடைகளில் கிடைக்கிறது. கிருமி அபாயம் குறையலாம், எண்ணெய் அப்படியே இருக்கிறது. பேக்கரிகளில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் முட்டைக்கோஸ் சாலட்டில் கோஸ் 25 கலோரி என்றால் அதைச் சுற்றியுள்ள வெண்மை 200.

எடை குறைப்பவர்கள் சாலட்டில் விட்டுவிடுவது புரதத்தை. வெறும் வெள்ளரியும் தக்காளியும் சாப்பிட்டவருக்கு இரண்டு மணி நேரத்தில் பசிக்கும்; பசித்தால் கை போகும் இடம் நேந்திரங்காய் வற்றலும் முறுக்கும். புரதம் பசியைத் தள்ளிப் போடுகிறது. எடை இறங்கும்போது தசை கரையாமல் காக்கவும் அது வேண்டும். கோசுமல்லி செய்தவர்கள் பருப்பைச் சேர்த்தது அந்தக் கிண்ணத்தைச் சாப்பாடாக்கியது. முப்பது கிராம் பயத்தம்பருப்பில் சுமார் 100 கலோரி, 7 கிராம் புரதம். வேகவைத்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு எதுவும் ஆகும். ஒரு முட்டை 70 கலோரிக்குச் சற்று மேல், 6 கிராம் புரதம். மஞ்சள் கருவைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை.

கடற்கரை மாவட்டத்தில் மீனை மறந்துவிட்டுப் புரதத்தைப் பேச முடியாது. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கரையேறும் சூரை மீனை, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெள்ளரியோடு கலந்தால் உலகமெங்கும் டியூனா சாலட் என்று விற்பதற்குச் சமம். சொல்லப்போனால் டப்பா மீனைவிடச் சுவையானது. நூறு கிராம் சூரையில் 20 கிராமுக்கு மேல் புரதம், கலோரி 130க்குள். அதே மீனைப் பொரித்துப் போட்டால் எண்ணெய்க் கணக்கு மீண்டும் தொடங்கிவிடும்.

இந்த ஊர்த் தோட்டத்துக் காய்களில் சாலட்டுக்குச் சிறந்தது வாழைத்தண்டு என்று சொல்லலாம். வாழை வெட்டியபின் எறிந்துவிடும் பொருள். கலோரி மிகக் குறைவு, நார் நிறைய, கடிக்கும்போது மொறுமொறுப்பு. மேலே உள்ள தடித்த பட்டைகளை உரித்துவிட்டு உள்ளே வெள்ளையாக வழுவழுப்பாக இருக்கும் தண்டை மட்டும் எடுக்க வேண்டும். மெல்லிய வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் இடையே நூல் போல நார் இழுபடும். அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, வட்டங்களை அடுக்கிப் பொடியாக அரிய வேண்டும். அரிந்ததை உடனே நீர்மோரில் போடாவிட்டால் சில நிமிடத்தில் கறுத்துவிடும். மோரின் புளிப்பு அந்தக் கறுப்பைத் தடுக்கும். சாப்பிடும் நேரத்தில் பிழிந்தெடுத்துத் தயிர், இஞ்சி, பச்சை மிளகாய், ஊறவைத்த பயத்தம்பருப்பு சேர்த்தால் முடிந்தது. இதற்குத் தேங்காய் வேண்டியதே இல்லை. வேலை கொஞ்சம் பிடிக்கும் என்பது மட்டுமே குறை.

பிஞ்சு வெண்டை, கோவைக்காய், முள்ளங்கி, துருவிய பப்பாளிக்காய், பிஞ்சுப் புடலை எல்லாமே சாலட்டுக்கு வரும். கோவைக்காயை நீள வாக்கில் மெல்லியதாக அரிந்து உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தால் அதன் பச்சை வாசனை அடங்கிவிடும். முருங்கைக்கீரையைப் பச்சையாகப் போடாமல் ஆவியில் ஒரு நிமிடம் வாட்டிச் சேர்க்கலாம். மரச்சீனிக்கிழங்கு, சேனை, சீமைச்சக்கை போன்ற மாவுப் பொருட்களைக் காய்கறிக் கணக்கில் எழுதக் கூடாது. அவை சோற்றின் கணக்கில் சேர்பவை. மரச்சீனி நூறு கிராமுக்கு 160 கலோரி. பச்சை மரச்சீனியில் சயனைடை வெளியிடும் பொருள் இருப்பதால் அதைச் சமைக்காமல் உண்ணவும் கூடாது.

நறுக்கும் அளவுக்கும் ஒரு பங்கு உண்டு. மென்று தின்ன வேண்டிய துண்டுகளாக இருந்தால் சாப்பிட நேரமாகும். நிறைவு உணர்வு வந்து சேர அந்த நேரம் உதவும். பொடிப்பொடியாகத் துருவிய கேரட் நாலு வாயில் போய்விடும். உப்பைப் பரிமாறும் நேரத்தில் போடுவதே நல்லது. முன்கூட்டியே போட்டால் வெள்ளரி நீர் விட்டுத் துவண்டுவிடும்; நீர் தேங்கிய சாலட்டில் சுவை இறங்கிப்போய் இன்னும் உப்பு தேவைப்படும். நாளொன்றுக்கு மொத்தமாகவே 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாயும் கருவாடும் இருக்கும் வீட்டில் அந்த வரம்பைச் சாலட் தொடுவதற்கு முன்பே தொட்டுவிடுகிறார்கள்.

இனிப்புப் பச்சடிக்கு வந்தால், அன்னாசிப் பச்சடி இந்தப் பக்கத்தின் செல்லம். அன்னாசி நூறு கிராமுக்கு 50 கலோரி; அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பச்சடியில் சர்க்கரையோ வெல்லமோ சேர்கிறது, தேங்காய் சேர்கிறது, சில வீட்டில் திராட்சையும். நன்கு பழுத்த அன்னாசியை உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகத்தூள் தூவிப் பச்சையாகச் சாப்பிட்டால் சர்க்கரையை நினைக்கவே தோன்றாது. மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால், சாலட்டில் சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றுவது இந்த வட்டாரத்தில் இயல்பு. மணம் உண்டு, எடைக் கணக்கில் சர்க்கரைக்கும் தேனுக்கும் வித்தியாசம் சொற்பம். புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தைப் பழச் சாலட்டில் நறுக்கிப் போடுகிறவர்கள் வேறு இனிப்பே சேர்க்க வேண்டியதில்லை. ஐஸ்கிரீமும் சிரப்பும் ஊற்றிய கடை ஃப்ரூட் சாலட்டை இந்தக் கட்டுரையின் பொருளிலிருந்து விலக்கிவிடலாம். அது பழம் போட்ட ஐஸ்கிரீம்.

இவ்வளவும் செய்து, வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாக ஒரு கிண்ணம் சாலட் வைத்துக்கொண்டால் எடை குறையாது. இடம் மாற வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரிக்கான ஒரு நாள் உணவில் காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று அளவு காட்டியது. தமிழ் வீட்டுத் தட்டில் காயும் சோறும் இருக்கும் விகிதத்தை இதோடு ஒப்பிட்டாலே பிரச்சினை விளங்கும். சாலட்டை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சோற்றை வழக்கத்தில் பாதியாகப் போட்டுக்கொள்வதும், இரண்டாவது முறை போடுவதை நிறுத்துவதும் எளிய வழி. ஒரு கோப்பைச் சோறு குறைந்தால் 200 கலோரி. அரைக்கும் தேங்காயில் ஒரு பங்கு குறைந்தால் இன்னும் 100. தினம் 300 கலோரி என்பது மாதத்துக்கு 9,000. ஒரு கிலோ உடல் கொழுப்பில் 7,700 கலோரி என்று கொண்டால் காகிதத்தில் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். எடை இறங்க இறங்க உடலின் செலவும் குறைவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும். வாரத்தில் ஐந்து கிலோ என்று பேசுகிறவர்களை நம்பாமல் இருக்க இந்தப் பெருக்கல் போதும்.

இது சிலருடைய கவலை மட்டும் என்று ஒதுக்கவும் முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் இது 30.9. அந்த ஆய்வு உடல் நிறை எண் 25ஐ எல்லையாக வைக்கிறது. இந்தியர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்பது நம் மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட அளவு.

பச்சையாகச் சாப்பிடுவதால் சுத்தம் முக்கியம். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கும் மலையடிவாரத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். காயை நறுக்கும் முன், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்தும் போகும், அழுக்கும் உள்ளே போகும். ஆற்று நீரோ கிணற்று நீரோ பயன்படுத்துகிறவர்கள் கடைசி அலசலுக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரை வைத்துக்கொள்ளலாம். மீன் அரிந்த பலகையில் வெள்ளரியை அரியக் கூடாது. முளைகட்டிய பயறு உடம்புக்கு நல்லது என்று பச்சையாகச் சாப்பிடுவோர் பலர். பயறு முளைக்கத் தேவையான அதே வெதுவெதுப்பும் ஈரமும் கிருமி பெருகவும் தோதானவை. ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தால் அந்தப் பயம் இல்லை. தயிர் சேர்த்த சாலட்டைக் காலையில் கலந்து டப்பாவில் அடைத்து மதியம் வரை வெளியே வைப்பதும் தவறு. காயைத் தனியாகவும் தயிரைத் தனியாகவும் கொண்டுபோய் அங்கே கலந்துகொள்ளலாம்.

சிலருக்கு இதில் கட்டுப்பாடு வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் மிகுந்த தக்காளி, கீரை, வாழைத்தண்டு போன்றவற்றை மருத்துவர் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷத்துக்குச் சமம். அதை ஒரு துண்டுகூடச் சாலட்டில் சேர்க்கக் கூடாது. மரத்தின் தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் பிலிம்பிக்காயைக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிச் சாறு பிழிந்து குடித்தவர்களுக்கு, அதிலுள்ள ஆக்ஸலேட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதான நிகழ்வுகள் கேரளத்தில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. புளிப்புக்கு ஓரிரு துண்டு வேறு, டம்ளர் சாறு வேறு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைப் பாதியாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருந்து சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.